குயிக்ஃபிக்ஸ்/ஜே: ஆகாத கோரிக்கையை எப்படித் திருப்பி அனுப்புகிறது?

மும்பையின் ஃபோர்ட்டிலோ பி.கே.சி.யிலோ ஒரு ப்ரோக்கர் நிறுவனத்தில் ஃபிக்ஸ் (ஆர்டர்களை மின்னணு முறையில் பரிமாறும் பொது நெறிமுறை) இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான விமர்சனம் இது. காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் சிங்கப்பூர் கிளையன்ட் கூப்பிட்டு "எங்க ஆர்டர் என்னாச்சு?" என்று கேட்டால் போனை எடுக்க வேண்டியவர் அவர்தான். மும்பையில் அந்த நாற்காலியில் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

குயிக்ஃபிக்ஸ்/ஜே ஜாவாவில் எழுதப்பட்ட இலவச ஃபிக்ஸ் எஞ்சின். வேகம், கிளஸ்டர், தரவுச் சேமிப்பு பற்றியெல்லாம் வேறு இடங்களில் நிறையப் பேசியாயிற்று. இங்கே பார்ப்பது ஒரே ஒரு குணத்தை: நம்மால் செய்ய முடியாத கோரிக்கை வந்தால் அது என்ன பதில் தருகிறது, அந்தப் பதில் போதுமா? கிளையன்ட் பேசுவது ஃபிக்ஸ்; என்.எஸ்.இ.யும் பி.எஸ்.இ.யும் எடுத்துக்கொள்வது அவரவர் சொந்த பைனரி வடிவம். நடுவில் இருக்கும் ப்ரோக்கர் கேட்வே இரண்டையும் பொருத்துகிறது. ஃபிக்ஸில் சொல்லக்கூடியது எல்லாவற்றுக்கும் எக்ஸ்சேஞ்ச் பக்கம் இடமில்லை. ஆகவே "இது ஆகாது" என்று சொல்வது கேட்வேயின் அன்றாட வேலை.

ஃபிக்ஸ் செய்தி என்பது எண்ணிட்ட புலங்களின் தொடர்; அந்த எண்தான் டேக். 35=8 என்றால் டேக் 35-இன் மதிப்பு 8; 35 சொல்வது செய்தியின் வகை. முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். செஷன் அடுக்கில், அதாவது இணைப்பையும் செய்திகளின் வரிசை எண்ணையும் (சீக்வென்ஸ்) பார்த்துக்கொள்ளும் தளத்தில், இந்த எஞ்சின் கெட்டிக்காரன். செக்சம் தப்பு, நீளம் தப்பு, முதல் மூன்று டேக்குகள் 8, 9, 35 என்ற வரிசையில் இல்லை என்றால் அந்தச் செய்தியைச் சிதைந்தது என்று ஒதுக்கிவிடும். பதில் போகாது, சீக்வென்ஸ் எண்ணும் நகராது. விதி சொல்வதும் அதுதான். எந்தச் செய்தி வகை, எந்த டேக் செல்லும் என்று எஞ்சின் வைத்திருக்கும் பட்டியலுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். டேக் 35-இல் டிக்‌ஷனரியிலேயே இல்லாத ஒரு வகை வந்தால் செஷன் ரிஜெக்ட் (35=3) போகும், காரணம் சொல்லும் 373-இல் 11 (செல்லாத செய்தி வகை). டிக்‌ஷனரியில் இருக்கிறது, ஆனால் நாம் அதற்குக் கோட் எழுதவில்லை என்றால் செய்திகளை வகைவாரியாகப் பிரித்துத் தரும் மெசேஜ்கிராக்கர் "அன்சப்போர்ட்டட் மெசேஜ் டைப்" என்ற எக்செப்ஷனை (பிழை அறிவிப்பை) எறியும். எஞ்சின் அதைப் பிடித்து பிசினஸ் மெசேஜ் ரிஜெக்ட் ஆக்கி அனுப்பும்: காரணம் சொல்லும் 380-இல் 3 (ஆதரிக்காத வகை), 372-இல் வந்த செய்தியின் வகை, 45-இல் அதன் சீக்வென்ஸ் எண். ஃபிக்ஸ் 4.2-உம் அதற்கு மேலும் இப்படி. 4.1-இலோ 4.0-இலோ பேசும் பழைய கிளையன்ட்டுக்கு பிசினஸ் ரிஜெக்ட் என்ற செய்தியே கிடையாது என்பதால் அங்கே செஷன் ரிஜெக்டாகப் போகும். இவ்வளவும் ஒரு வரி கோட் எழுதாமல் கிடைக்கிறது.

குறை இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. அந்தத் தானியங்கிப் பதில் ஒரு சீக்வென்ஸ் எண்ணை மட்டுமே சுட்டுகிறது. கிளையன்ட்டின் ஆர்டர் மேலாண்மை மென்பொருளுக்கு 45-இல் வரும் 1187 என்ற எண் எந்த ஆர்டர் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது டேக் 11, அதாவது கிளையன்ட் ஆர்டர் ஐ.டி. அதைச் சுமக்க வேண்டியது டேக் 379. நூலகம் 379-ஐ நிரப்பித் தரும் என்று நம்பி இருக்க வேண்டாம். நிரம்பாமல் போனால் டீலர் திரையில் ஆர்டர் "பெண்டிங்" என்றே நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் இன்னொரு ஆர்டர் போடுவார். முதல் ஆர்டர் உண்மையிலேயே போகாமல் இருந்தால் பிழைத்தோம்.

ஆகவே எக்செப்ஷனை எறிந்துவிட்டு எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது சோதனைச் சூழலுக்குச் சரி, நேரலைக்கு ஆகாது. வரும் செய்திகளை எஞ்சின் நம் கோடிடம் ஒப்படைக்கும் ஃப்ரம்ஆப் முறைக்குள்ளேயே ஆதரிக்காத வகைகளைப் பிரித்து, பிசினஸ் ரிஜெக்டை நாமே கட்ட வேண்டும். 372, 380 இரண்டும் கட்டாயம்; 45-ஐ விதி கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் நிரப்புங்கள். 379-இல் அந்தக் கோரிக்கையின் அடையாளம்: ஸ்டேட்டஸ் கேட்டால் 11, விலை கேட்டால் (கோட் ரிக்வெஸ்ட்) 131. 58-இல் (விளக்கம் எழுதும் டேக்) ஒரு வரி ஆங்கிலம், "ஆதரவில்லை" என்று மொட்டையாக இல்லாமல் எந்த வகை, அதற்குப் பதில் எதை அனுப்பலாம் என்று. சென்ட் டு டார்கெட்டால் அனுப்பிவிட்டு முறையிலிருந்து சாதாரணமாகத் திரும்புங்கள். சீக்வென்ஸ் தானாக நகர்ந்துகொள்ளும். ஜாவா எக்செப்ஷனின் முழு வாலையும் 58-இல் ஒட்டி அனுப்பும் கேட்வேக்கள் உண்டு. உள்ளே எந்த டேட்டாபேஸ், எந்த சர்வர் பெயர் என்பதெல்லாம் கிளையன்ட்டின் லாகில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆனால் எல்லா மறுப்புக்கும் பிசினஸ் ரிஜெக்ட் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான், எஞ்சினும் இதில் கைகொடுக்காது. ஒரு கோரிக்கைக்கென்று தனி மறுப்புச் செய்தி இருந்தால் அதைத்தான் அனுப்ப வேண்டும். பிசினஸ் ரிஜெக்ட் வேறு வழி இல்லாதபோது மட்டும்.

புது ஆர்டர் வருகிறது, 59-இல் (ஆர்டர் செல்லும் காலம்) 1, அதாவது ஜி.டி.சி. (கேன்சல் செய்யும் வரை நிற்கும் ஆர்டர்). நீங்கள் ஜி.டி.சி. எடுப்பதில்லை. செய்தி வகை ஆதரவுள்ளது, அதன் ஒரு தன்மைதான் ஆகாது. எனவே எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட் (35=8) போக வேண்டும்: 150=8, 39=8 (இரண்டும் மறுக்கப்பட்டது என்பதற்கு), 151=0 (மீதி அளவு), 14=0 (நிறைவேறிய அளவு), 6=0 (சராசரி விலை), ஒவ்வொன்றுக்கும் புதிய 17 (ரிப்போர்ட் எண்). காரணக் குறியீடு 103-இல் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். "ஆதரிக்காத ஆர்டர் தன்மை" என்பதற்கான 11 என்ற மதிப்பு 4.3-இல்தான் வந்தது. 2000-இல் வெளிவந்த 4.2-இல் பட்டியல் 8-ஓடு முடிகிறது. இந்தியாவில் இன்றும் 4.2 இணைப்புகள் ஓடுகின்றன என்பதால் அவற்றுக்கு 103=0 போட்டு 58-இல் விவரம் எழுதுங்கள். 4.2-இல் 20=0 (புதிய ரிப்போர்ட் என்ற குறி) வேண்டும்; 4.4-இல் அந்த டேக்கே இல்லை. இரண்டு பதிப்புக்கும் ஒரே கோட் வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் நம்முடைய மறுப்பையே எதிர்த்தரப்பு எஞ்சின் மறுத்துத் திருப்பும்.

கேன்சல், மாற்றம் இரண்டின் மறுப்புக்கும் 35=9. அதில் 434 ரொம்ப முக்கியம்: கேன்சலுக்கு 1, மாற்றத்துக்கு 2. அளவை மட்டும் மாற்ற விடுவோம், ஆர்டர் வகையை மாற்ற விடமாட்டோம் என்பது உங்கள் விதியானால் காரணம் சொல்லும் 102=2 (ப்ரோக்கர் முடிவு), 58-இல் காரணம். 39-இல் பழைய ஆர்டரின் இப்போதைய நிலை இருக்க வேண்டும். 8 போட்டுவிட்டால் உயிரோடு இருக்கும் ஆர்டரைக் கிளையன்ட் செத்ததாக எடுத்துக்கொள்வார். ஆர்டரே தெரியவில்லை என்றால் 102=1; அப்போது 37-இல் (நம் ஆர்டர் எண்) "நன்" என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் வைப்பது வழக்கம்.

சந்தைத் தரவு கேட்பவர்களுக்கு மறுப்பு இன்னும் நுணுக்கமானது. 35-இல் பெரிய எழுத்து வி வந்தால் பெரிய எழுத்து ஒய் திரும்ப வேண்டும். 281-இல் எது ஆகாது என்பதைப் பிரித்தே சொல்லலாம்: சந்தா வகை ஆகாது 4, ஆழம் ஆகாது 5, புதுப்பிப்பு வகை 6, தொகுத்த புத்தகம் 7, பதிவு வகை 8. கிளையன்ட்டின் மென்பொருள் கெட்டித்தனமாக எழுதப்பட்டிருந்தால் 5 வந்ததும் ஆழத்தைக் குறைத்துத் தானே மறுபடி கேட்கும். பிசினஸ் ரிஜெக்ட் போனால் அந்த வழி அடைபடுகிறது.

எல்லா ஆர்டரையும் ஒரே அடியாகக் கேன்சல் செய்யும் கோரிக்கையில் (35-இல் சின்ன க்யூ) இரண்டு நிலை உண்டு. அறவே ஆதரிக்கவில்லை என்றால் பிசினஸ் ரிஜெக்ட், 380=3. ஒரு பங்குக்கு மட்டும் (530=1) செய்வோம், மொத்தத்துக்கும் (530=7) முடியாது என்றால் 35-இல் சின்ன ஆர், 531=0 (மறுப்பு), 532=0 (மொத்தக் கேன்சல் ஆதரவில்லை). இரண்டாவது பதிலில் கிளையன்ட்டுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பதற்றமான நாளில் அனுப்பப்படும் செய்தி இது. பதில் போகாமல் விழுங்கிவிடுவதைப் போன்ற தவறு வேறில்லை: கேன்சல் ஆகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, ஆர்டர்கள் எக்ஸ்சேஞ்சில் நிறைவேறிக்கொண்டிருக்கும்.

மேலே சின்னது, பெரியது என்று பிரித்து எழுதியது அலங்காரத்துக்கு அல்ல. டேக் 35-இல் எழுத்தின் அளவு பொருளையே மாற்றும். பெரிய ஜே ஒதுக்கீட்டுச் செய்தி, சின்ன ஜே பிசினஸ் ரிஜெக்ட். பெரிய க்யூ "இந்த டிரேட் எனக்குத் தெரியாது", சின்ன க்யூ மொத்தக் கேன்சல். பெரிய ஆர் விலை கேட்பது (கோட் ரிக்வெஸ்ட்), சின்ன ஆர் மொத்தக் கேன்சலின் பதில். எஞ்சின் இதில் தவறுவதில்லை. தவறுவது நாம் சுற்றிலும் எழுதும் கோட். பெரியது சின்னது பாராமல் ஒப்பிடும் ஒரு வரி போதும். லாகை டேட்டாபேஸில் கொட்டி வைத்து மாலையில் ரிஜெக்ட் எண்ணிக்கை எடுக்கும் டெஸ்க்குகளும் கவனிக்க வேண்டும்: மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) எழுத்தளவைப் பார்க்காது. ஒதுக்கீடுகளும் ரிஜெக்டுகளும் ஒரே கணக்கில் விழும். அந்த நெடுவரிசைக்கு பைனரி கொலேஷன் கொடுங்கள்.

இனி இந்த எஞ்சினின் மோசமான இயல்பு நிலைக்கு வருவோம். "ரிஜெக்ட் மெசேஜ் ஆன் அன்ஹேண்டில்டு எக்செப்ஷன்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது (கோப்பில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக வரும்). சொல்லாமல் விட்டால் அது "என்" (இல்லை). அப்படி இருக்கையில் நம் கோட் எதிர்பாராத ஒரு எக்செப்ஷனில் விழுந்தால், எஞ்சின் அந்தச் செய்தியைக் கைவிடும். ரிஜெக்ட் போகாது, சீக்வென்ஸ் எண்ணும் நகராது. அடுத்த செய்தி வந்ததும் நடுவில் ஓட்டை இருப்பதாக நினைத்து மறுபடி அனுப்பச் சொல்லும் ரீசெண்ட் ரிக்வெஸ்ட் (35=2) அனுப்பும். கிளையன்ட் அதே பழைய செய்தியை 43-இல் ஒய் (மறுபடி அனுப்பியது என்ற குறி) போட்டு மறுபடி அனுப்புவார். அதே இடத்தில் அதே எக்செப்ஷன். மறுபடி ஓட்டை, மறுபடி ரீசெண்ட். ஆதரிக்காத ஒரே ஒரு செய்தி, அதன் பின்னால் வரிசையில் நிற்கும் நல்ல ஆர்டர்கள் அத்தனையையும் நிறுத்திவிடும். புறநகர் ரயில் ஒன்று தாதரில் நின்றுபோனால் பின்னால் வருகிறவை எல்லாம் நிற்பதைப் போல.

அப்போது கிளையன்ட் பக்கமிருந்து சீக்வென்ஸ் ரீசெட் (35=4, ஓட்டையை நிரப்பச் சொல்லும் 123-இல் ஒய்) அனுப்பச் சொல்லித்தான் மீள வேண்டும். அவசரத்தில் இரு பக்கமும் எண்ணை 1-க்கு இழுத்துவிடுவது இன்னும் ஆபத்து. நடுவில் தொலைந்த எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்க வழியில்லாமல் போகும்.

அமைப்பை "ஒய்" ஆக்குங்கள் என்பதுதான் அறிவுரை, ஒரு நிபந்தனையோடு. "ஒய்" ஆக்கினால் எக்செப்ஷன் வந்தவுடன் 380=4 (பயன்பாடு கிடைக்கவில்லை) என்று பிசினஸ் ரிஜெக்ட் போகும், சீக்வென்ஸ் நகரும். ஆனால் எக்செப்ஷன் எப்போது வந்தது? ஆர்டரை எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிய பிறகு, உள் டேட்டாபேஸில் எழுதும்போது வந்திருந்தால்? ஆர்டர் சந்தையில் இருக்கிறது. கிளையன்ட்டுக்கோ மறுப்பு போய்விட்டது. அவர் மறுபடி போடுவார், இரட்டை ஆகும். எனவே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் வரிக்கு முன்னால் நிகழ்கிற எதுவும் மறுப்பாகலாம்; அந்த வரிக்குப் பின்னால் நிகழ்கிற எதுவும் ஃப்ரம்ஆப்பை விட்டு வெளியே வரக்கூடாது. பிடித்து, அலாரம் அடித்து, மனிதர் பார்க்க வேண்டிய வரிசையில் போடுங்கள். எந்த அமைப்பும் இதை உங்களுக்காகச் செய்யாது.

அடுத்து டிக்‌ஷனரி. ஆதரிக்காத செய்தியைவிட ஆதரிக்காத டேக் பொல்லாதது. 4.2 பேசும் கிளையன்ட் ஒருவர் 847-ஐ அனுப்புகிறார்; அல்கோ உத்தியைச் சொல்லும் டேக், 4.4-இல் வந்தது. இயல்பான 4.2 டிக்‌ஷனரியில் அது இல்லை. எஞ்சின் செஷன் ரிஜெக்ட் கொடுக்கும். முதல் நாளே கிளையன்ட் புகார் செய்வார். உடனே யாராவது "அலவ் அன்னோன் மெசேஜ் ஃபீல்ட்ஸ்" என்பதை "ஒய்" ஆக்கிவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்பார். சரியாகவில்லை. 2,00,000 பங்குகளை நாள் முழுக்கப் பரப்பி வாங்கச் சொன்ன ஆர்டர், உத்தி டேக் உதிர்ந்து, மொட்டை மார்க்கெட் ஆர்டராக உள்ளே வரும். கேட்வே மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே வரிசையில் "வேலிடேட் யூசர் டிஃபைன்டு ஃபீல்ட்ஸ்" 5000-உம் அதற்கு மேலும் உள்ள டேக்குகளுக்கானது. "ரிஜெக்ட் இன்வேலிட் மெசேஜ்" என்பதை "என்" ஆக்கினால் டிக்‌ஷனரிச் சோதனையில் தோற்ற செய்திக்கும் லாகில் ஓர் எச்சரிக்கையோடு சரி. மூன்றையும் தொடாமல் விட்டுவிட்டு, ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் டிக்‌ஷனரிக் கோப்பின் ஒரு நகலை எடுத்து, ஒப்புக்கொண்ட டேக்குகளை மட்டும் அதில் சேர்ப்பதுதான் ஒழுங்கான வழி. அமைப்புக் கோப்பில் டிஃபால்ட் பகுதியில் போடாமல் அந்தந்த செஷன் பகுதியில் டிக்‌ஷனரியைச் சுட்டுங்கள். பராமரிப்பு வேலை கூடத்தான் செய்யும்.

அப்படியும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. 18, 110 போன்றவை எல்லா டிக்‌ஷனரியிலும் இருக்கிற முறையான டேக்குகள். 110 என்பது குறைந்தபட்ச அளவு. கிளையன்ட் அதை அனுப்புகிறார், எஞ்சின் ஏற்கிறது, உங்கள் கோட் அதைப் படிக்கவே இல்லை. மறுப்பும் இல்லை, நிறைவேற்றமும் இல்லை. இதற்கு மருந்து வெள்ளைப் பட்டியல்: புது ஆர்டர் வந்ததும் அதன் எல்லா டேக்குகளையும் ஒரு சுற்று சுற்றி, நாம் உண்மையில் பயன்படுத்துகிற டேக்குகளின் பட்டியலில் இல்லாத எதுவும் இருந்தால் 58-இல் டேக் எண்ணைச் சொல்லி எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட்டால் மறுப்பது. செய்தியின் மேல் நேரடியாக இட்டரேட்டர் ஓட்டலாம் என்பதால் இருபது முப்பது வரியில் முடிகிற வேலை. குழுக்கள் (திரும்பத் திரும்ப வரும் டேக் தொகுதிகள்) மட்டும் அந்தச் சுற்றில் வராது. 453-இன் (தரப்பினர்) கீழும் 78-இன் (கணக்கு ஒதுக்கீடு) கீழும் இருப்பவற்றைத் தனியே இறங்கிப் பார்க்க வேண்டும். 78-இன் எண்ணிக்கை கண்ணில் படும், உள்ளே இருக்கும் கணக்குகள் படாது.

ஆதரவில்லை என்பதையும் மதிப்பு தவறு என்பதையும் கலக்க வேண்டாம். 111-இல் வெளிக்காட்டும் அளவு வருகிறது. என்.எஸ்.இ. பங்குச் சந்தையில் அது மொத்த அளவில் 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 1000 பங்குக்கு 50 என்று வந்தால், டேக் ஆதரவுள்ளது, மதிப்புதான் செல்லாது. "111 ஆதரவில்லை" என்று பதில் போனால் கிளையன்ட்டின் ஆட்கள் அந்த வசதியையே அணைத்துவிடுவார்கள். "குறைந்தது 100 வேண்டும்" என்று போனால் அடுத்த ஆர்டர் சரியாக வரும்.

ரிஜெக்டுக்கு ரிஜெக்ட் அனுப்பும் சுழலையும் தடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு சின்ன ஜே அனுப்ப, நாம் அதை ஆதரிக்கவில்லை என்று சின்ன ஜே அனுப்ப, அவர்களும் அப்படியே செய்தால் இரண்டு பக்க லாகும் நிமிடங்களில் நிறையும். 35-இல் சின்ன ஜே வந்தால் லாக், அலாரம், அத்துடன் நிறுத்தம் என்று வெளிப்படையான கையாளி ஒன்று எழுதியே ஆக வேண்டும்.

யு.ஏ.டி.யில் (நேரலைக்கு முந்தைய சோதனைச் சூழல்) ஒரு மதியம் ஒதுக்கினால் இவ்வளவையும் சோதிக்கலாம். கையாளி இல்லாத விலைக் கோரிக்கை (கோட் ரிக்வெஸ்ட்) ஒன்று, இல்லாத வகை ஒன்று, 59=1 ஆர்டர், 110 உள்ள ஆர்டர், 530=7 கேன்சல், கடைசியாக வேண்டுமென்றே நல் பாயிண்டர் எக்செப்ஷன் எறியும் ஓர் ஆர்டர். ஒவ்வொன்றுக்குப் பிறகும் இரண்டைப் பாருங்கள்: சரியான வகைப் பதில் வந்ததா, உள்வரும் சீக்வென்ஸ் ஒன்றே ஒன்று கூடியதா. அதோடு கிளையன்ட்டின் டீலர் திரையைக் காட்டச் சொல்லுங்கள். லாகில் பதில் அழகாக இருந்து, திரையில் ஆர்டர் இன்னும் "பெண்டிங்" என்று நின்றால் சோதனை தோல்விதான்.

விலைக்கு விற்கும் எஞ்சின்களோடு ஒப்பிட்டால், மறுப்பு விஷயத்தில் குயிக்ஃபிக்ஸ்/ஜே எதையும் இழக்கவில்லை. அங்கேயும் வெள்ளைப் பட்டியலையும் 103-இன் பதிப்பு வேறுபாட்டையும் நாமேதான் எழுத வேண்டும். ஒப்பந்தத்தோடு இரவில் போன் எடுக்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் பணம் கொடுங்கள். நிறுவன கிளையன்ட்டுகளின் ஆர்டர் ஓட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். கழித்த ஒன்று அந்த இயல்பான "என்"னுக்காக. மைக்ரோசெகண்டுக்காக கோலோவில் (எக்ஸ்சேஞ்ச் வளாகத்திலேயே சர்வர் வைக்கும் இடம்) ராக் எடுத்திருப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். எடுக்கிறவர்கள் கிளையன்ட்டுக்குத் தரும் ரூல்ஸ் ஆஃப் என்கேஜ்மென்ட் ஆவணத்தில் ஆதரிப்பவற்றின் பட்டியலோடு, ஆதரிக்காத ஒவ்வொன்றுக்கும் எந்த 35, எந்தக் காரண எண் திரும்பும் என்ற அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள். கிளையன்ட் பக்கத்து ஆட்கள் தங்கள் திரையை அதைப் பார்த்துத்தான் அமைப்பார்கள்.